புளி போட்டுத் தேய்த்த கற்கள்

என் மகள் கல் பொறுக்குகிற படிப்பு படிக்கிறாள். யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன். அவள் காதில் விழுந்தால் போச்சு. "ஆராய்ச்சின்னு சொல்லு நைனா, ஏதோ குப்பை பொறுக்குற மாதிரி சொல்றியே" என்பாள். நான் எட்டாவது வரைக்கும் போனவன். பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் லுங்கி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்து திருத்தணியில் இறக்குகிற குட்டியானை வண்டி என்னுடையது. முன்கண்ணாடியில் வேல், பின்கதவில் மயில், நடுவில் நான். என்னைப் பற்றி அவ்வளவுதான்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம் அது. ஆந்திரா பக்கம் மலையில் ஒரு பழைய சுரங்கத்துக்குப் போயிருந்தவள், சென்னைக்குத் திரும்புகிற வழியில் கிருத்திகைக்கு வீட்டுக்கு வந்தாள். பஸ் நிலையத்தில் கனமான இரண்டு சாக்குகளோடு நின்றிருந்தாள். நல்ல மழை வேறு. தூக்கி வண்டியில் போடும்போது ஒரு சாக்கின் வாய் திறந்து உள்ளே பளபளவென்று தெரிந்தது.

"இன்னா பாப்பா, தங்கமா?" என்றேன்.

"தங்கமா இருந்தா பஸ்ல வருவனா? இது பைரைட்டு. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. மின்னும், அவ்ளோதான்."

"ஒண்ணுத்துக்கும் ஆவாததுக்கா இம்மாம் மூட்டை?"

"நைனா, அம்மா உப்புத் தண்ணியில சாம்பார் வெச்சா உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"வாயில வெச்சதும் தெரியும். அன்னிக்குப் பூரா எனக்கு மூஞ்சி சரியா இருக்காது."

"அதான் இதுவும்" என்றாள். வீடு வந்து சேருகிற வரைக்கும் அவள் சொன்னதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். பூமிக்கு அடியில், பாறை இடுக்குகளில், கொதிக்கிற தண்ணீர் ஓடுமாம். செம்பு, ஈயம் எல்லாம் அதில் கரைந்துதான் வருமாம். ஆறுகிற இடத்தில் கல்லாக உறைந்துவிடும். அப்படி உறையும்போது அந்தத் தண்ணீரில் இருந்த கோபால்ட், நிக்கல், ஆர்செனிக் எல்லாம் மிகமிகக் கொஞ்சமாக உள்ளே மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கல்லை வழவழவென்று தேய்த்து ஒரு மெஷினில் வைத்தால், ஊசிமுனை மாதிரி ஓர் ஒளி அதைத் துளியூண்டு சுட்டுப் பொடியாக்கும். அந்தப் பொடியைப் பார்த்து, என்ன தண்ணீர், எவ்வளவு சூடு, எங்கிருந்து வந்தது என்றெல்லாம் சொல்லிவிடலாமாம்.

"ஒரு கல்லுக்குள்ளயே மாறும் நைனா. சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி, பூச்சு மேல பூச்சா வளரும்."

இது எனக்கு நன்றாகவே புரிந்தது. எங்கள் வீட்டுச் சுவரைச் சுரண்டினால் மஞ்சளுக்கு அடியில் பச்சை வரும், பச்சைக்கு அடியில் என் கல்யாணத்துக்கு அடித்த நீலம் வரும். எந்த வருஷம் கையில் காசு இருந்தது, எந்த வருஷம் வெறும் சுண்ணாம்போடு விட்டோம் என்று சுவரே சொல்லிவிடும்.

அவள் போன மலையில் இரண்டு குழிகள் இருந்தன. சரிவின் உச்சியில் ஒன்று, கீழே ஒன்று. எந்தக் காலத்திலோ யாரோ செம்புக்காகத் தோண்டிவிட்டுப் போனவை. மேல் குழிக்கு ஒரு தண்ணீர், கீழ்க் குழிக்கு வேறு தண்ணீர் வந்திருக்கிறது என்பது அவளுடைய எண்ணம். அது சரியா தப்பா என்பதுதான் அவளுடைய மொத்தப் படிப்புமே. அந்த மெஷின் வேறு ஊரில் இருந்தது, முறை வைத்துத்தான் விடுவார்கள். கிருத்திகை முடிந்த சில நாளில் அவள் முறை. விட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது, அதற்குள் படிப்புக்கான காலமே முடிந்துவிடும்.

மழையில் சாக்குக்குள் இருந்த துணிப்பைகள் ஊறி, பைக்குள் போட்டிருந்த சீட்டெல்லாம் கூழாகிவிட்டன. அவள் கவலைப்படவில்லை. ஒவ்வொரு கல்லின் மேலும் அழியாத மையில் எண் எழுதியிருந்தாள். மேல் குழிக் கல்லை ஒரு முறத்திலும் கீழ்க் குழிக் கல்லை இன்னொரு முறத்திலும் பரப்பிப் பின்கட்டில் குழாயடிக்குப் பக்கத்தில் காய வைத்தாள். மறுநாள் காலையில் அம்மாவும் மகளும் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். நான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் என் அக்கா வந்து இறங்கினாள்.

அக்காவைப் பொதட்டூர்பேட்டையில் கொடுத்திருக்கிறது. வீட்டுக்குள்ளேயே பவர்லூம் ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் பேசிப் பேசி, பக்கத்தில் இருப்பவனிடமும் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள். சும்மா உட்காரத் தெரியாது. திருவிழாவுக்கு வந்தால் முதல் வேலையாக எங்கள் வீட்டுப் பூஜைச் சாமான் அத்தனையையும் குழாயடிக்கு அள்ளிக்கொண்டு போய்ப் புளி போட்டுத் தேய்ப்பாள். என் வீட்டுக்காரி தேய்த்தது அவளுக்கு என்றைக்கும் போதாது.

பூவோடு வீடு திரும்பிய மகளை அக்கா வாசலிலேயே கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வா வா, உன் கல்லைப் பாரு! களிம்பு புடிச்சுக் கெடந்துது. குத்துவிளக்கோட சேர்த்து ஒரு புடி புடிச்சேன். சும்மா தகதகன்னு மின்னுது பாத்தியா?"

பெரிய அன்னக்கூடை நிறையக் கற்கள். விளக்கு, தூபக்கால், மணி, எல்லாவற்றோடும் சேர்ந்து வெயிலில் ஜொலித்தன. மெய்யாகவே அழகாகத்தான் இருந்தது.

"அத்தை..." என்றாள் என் மகள். "மேல நம்பர் எழுதி இருந்துதே?"

"ஆங், ஏதோ கருப்பா கிறுக்கி இருந்துது. போவவே மாட்டேன்னுது. சாம்பல் போட்டு நார்ல அழுத்தித் தேச்ச அப்பாலதான் போச்சு."

"ரெண்டு முறமுமா?"

"ஒண்ணைத் தேச்சு ஒண்ணை வுட்டா நல்லாவா இருக்கும்?"

என் மகள் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அழவில்லை. அக்காவுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. போனில் இருந்த படங்களை வைத்துக்கொண்டு பெரிய கற்கள் சிலவற்றை மகள் அடையாளம் கண்டுபிடித்தாள். மற்றதெல்லாம் சின்னச் சின்னத் துண்டு. எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை.

"இதுக்கா இப்பிடி ஒக்காந்துட்ட?" என்றாள் அக்கா. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பாதிய எடுத்து இதுல போடு, பாதிய அதுல போடு. எல்லாம் ஒரே கல்லுதானே? யாருக்குத் தெரியப் போவுது?"

நான் வேறொரு யோசனை சொன்னேன். பெரிய புத்திசாலித்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன். "மெஷினுக்குத்தான் எல்லாம் தெரியுமே பாப்பா. அதுலயே வெச்சுப் பாரு. இது மேல் குழி, இது கீழ்க் குழின்னு அதுவே பிரிச்சுக் குடுத்துடும் இல்ல?"

"அது ஆவாது நைனா" என்றாள். "மேல ஒரு தண்ணி, கீழ ஒரு தண்ணின்னு நான் நெனைச்சுகினு கீறேன். அது சரியான்னு கேக்கத்தான் மெஷினாண்ட போறேன். அது ரெண்டு வகை காட்டினதும், இது மேல, இது கீழன்னு நானே பேரு வெச்சுட்டா? நான் நெனைச்சதை நானே சரின்னு சொல்லிகினதா ஆயிடும். கல்லைக் கேட்டதா ஆவாது."

எனக்குச் சட்டென்று பூக்கட்டிப் பார்ப்பது ஞாபகம் வந்தது. வீட்டில் ஒரு காரியம் என்றால் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வேண்டிய பூவை எடுத்தால் அது சாமி சொன்னதாகுமா? அதைச் சொன்னேன். என் மகள் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, "ஆங், அதேதான் நைனா" என்றாள்.

ஆக, திரும்பவும் மலைக்குப் போய்ப் புதிதாகக் கல் எடுத்து வர வேண்டும். எடுத்ததை அறுத்துத் தேய்க்கக் கல்லூரியில் நாள் வேண்டும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் கையில் இருந்தது ஒரே நாள்தான். மறுநாள். ஆடிக் கிருத்திகை.

"நீ காவடி எடுக்கணும் நைனா. நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றாள்.

கிருத்திகை அன்றைக்குத் திருத்தணியிலிருந்து பஸ் பிடித்து, அந்த மலைக்குப் போய், கல் மூட்டையோடு அன்றைக்கே திரும்பி வருவது நடக்கிற காரியமா? அவளுக்கும் அது தெரியும். நான் மூலையில் மஞ்சள் துணி சுற்றி நின்றிருந்த காவடியைப் பார்த்தேன். இவள் கைக்குழந்தையாக இருக்கும்போது மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தாள். பிழைக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவளை எனக்குக் கொடுத்துவிடு, கால் நடக்கிற வரைக்கும் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுக்கிறேன் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். ஒரு வருஷமும் தவறவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு கொடுத்த வாக்கு அது. வண்டி பஞ்சர் என்றால் நாளைக்குப் பார்க்கலாம். இதை அப்படிச் சொல்ல முடியுமா?

"நான் எடுக்கிறேன்டா" என்றாள் அக்கா.

"நீயா? ரேஷன் கடைக்கே ஆட்டோ கேக்கிறவ நீ."

"முட்டி என்னுது. வலிச்சா எனக்கு வலிக்கட்டும், உனக்கு இன்னா?"

"விரதம் இருக்கணும்க்கா."

"ஆடி பொறந்ததுலேந்து ஒரு முட்டை தொட்டிருப்பனா கேளு. நீதான் போன வாரம் எங்க வூட்ல வந்து ரெண்டு வடையப் பேப்பர்ல மடிச்சு எடுத்துகினு போன."

"வடை சைவம்தானே!"

"அதைத்தான் சொல்றேன், நானும் சைவமாத்தான் கீறேன்!"

எனக்கு மனசு ஒப்பவில்லை. சாமியைக் கேட்டுவிடலாம் என்று பூக்கட்டினோம். என் மகள் அதையும் சும்மா விடவில்லை. "மடிச்சவங்க எடுக்கக் கூடாது நைனா. ரெண்டும் ஒரே அளவா மடி. அம்மா அந்தப் பக்கம் திரும்பி நிக்கட்டும்." இரண்டு பொட்டலத்தையும் ஒரு செம்பில் போட்டுக் குலுக்கிக்கூடக் கொடுத்தாள். என் வீட்டுக்காரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். மல்லிகை. வெள்ளை. அக்கா மஞ்சள் சேலையைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

விடிகிற நேரத்துக்கு நானும் மகளும் வண்டியை எடுத்தோம். வழிநெடுக எதிரே மஞ்சள் கடல். நகரி பக்கமிருந்து, அதற்கும் அப்பாலிருந்து, தோளில் காவடியோடு ஜனம் நடந்து வந்துகொண்டே இருந்தது. "அரோகரா" என்று அவர்கள் சொல்ல, வண்டிக்குள்ளிருந்து நான் "அரோகரா" என்று சொல்ல, ஊர்ந்து ஊர்ந்து போனோம். ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார்.

"இன்னாய்யா, ஊரே உள்ள வந்துகினு கீது, நீ வெளிய போற? சாமி அந்தப் பக்கம்!"

"பொண்ணுக்குக் கல்லு எடுக்கணும் சார்" என்றேன்.

"கல்லா? தாராளமாப் போ" என்று தலையில் அடித்துக்கொண்டார். என் மகள் வெகு தூரத்துக்குச் சிரித்துக்கொண்டே வந்தாள். நானும் சிரித்தேன். ஆனாலும் எதிரே வந்த ஒவ்வொரு காவடியையும் பார்க்கும்போது என் தோள் தினவெடுத்தது.

உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால் மலை ஏறினோம். குழி என்றால் பயப்படும்படி ஒன்றுமில்லை. சரிவில் வெட்டின பெரிய பள்ளம், அவ்வளவுதான். சுற்றிலும் துருப்பிடித்த மாதிரி சிவந்த மண். அவள் சுத்தியலால் தட்டித் தட்டிக் கல் எடுத்தாள். நான் பை பிடிக்கக் கை நீட்டினேன்.

"நைனா, கை!"

பார்த்தால் விரலெல்லாம் விபூதி, குங்குமம். காலையில் பூஜை முடித்து வந்தவன் நான்.

"அதுல இருக்கிறதும் மெஷின்ல தெரியும். அறுத்துட்டுத்தான் வெப்பேன், இருந்தாலும் வேணாம்" என்று உறை ஒன்றை மாட்டிவிட்டாள். மேல் குழிக் கல்லுக்குப் பச்சை லுங்கித் துணிப் பை, கீழ்க் குழிக் கல்லுக்குச் சிவப்பு லுங்கித் துணிப் பை. கல்லின் மேலும் எழுதினாள், போட்டோவும் எடுத்தாள், சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள்ளும் வைத்தாள். "அத்தை வந்தாலும் ஒண்ணியும் பண்ண முடியாது" என்று பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

காவடி மலை ஏறுகிற நேரம் ஆயிற்று. வண்டியில் எப்போதும் இருக்கிற கற்பூரத்தை எடுத்தேன். "கொஞ்சம் தள்ளி ஏத்து நைனா, புகை பட்டுடப் போவுது" என்றாள். தள்ளிப் போய் ஒரு பாறை மேல் ஏற்றினேன். திருத்தணி எந்தத் திக்கு என்று அவள் போனில் பார்த்துச் சொன்னாள். அந்தத் திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை. இவளைக் கேட்டேன், கொடுத்தாய், இதோ நிற்கிறாள், பார்த்துக்கொள் என்றேன். திரும்பினால், கையுறையைக் கழற்றிவிட்டு அவளும் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

மலையை விட்டு ரோட்டுக்கு வந்து போனில் சிக்னல் கிடைத்ததுமே அக்கா கூப்பிட்டாள். போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

"டேய்! காவடியச் சேத்துட்டேன்டா! சாமி பாத்துட்டேன்! முட்டி இருக்குதா, கழண்டு வுழுந்துடுச்சான்னே தெரியல!"

"பூ எதுனா சரிஞ்சுதா?"

"ஒரு பூ சரியல. ரெண்டு பேர் மேல இடிச்சேன், அவங்கதான் சரிஞ்சாங்க!"

வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, திருத்தணித் திக்கைப் பார்த்து இன்னொரு தடவை கும்பிட்டேன். என் மகள் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

அவள் முறை தவறாமல் மெஷினுக்குப் போனாள். பதில் வருவதற்கு ஐப்பசி ஆயிற்று. அன்றைக்கு நான் பொதட்டூர்பேட்டையில் அக்கா வீட்டு வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா உள்ளே போய்த் தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள்.

"ரெண்டு தண்ணி வந்திருக்கு நைனா. அது சரி. ஆனா மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு நான் நெனைச்சது தப்பு. ரெண்டு குழியிலயும் ரெண்டும் கீது! உள்பூச்சு ஒரு தண்ணி, வெளிப்பூச்சு வேற தண்ணி. சில கல்லுல ஒண்ணு தடிப்பா இருக்கு, சில கல்லுல இன்னொண்ணு. மொதல்ல நல்ல கொதிக்கிற தண்ணி ரெண்டு எடத்துக்கும் போயிருக்கு. ரொம்பக் காலம் கழிச்சு சூடு கம்மியா வேற ஒண்ணு, அதே வெடிப்பு வழியாவே வந்திருக்கு."

"நல்லதா, கெட்டதா பாப்பா?" என்று கேட்டேன்.

"நல்லதுதான் நைனா! நான் நெனைச்சதை விட நல்லது. அன்னிக்கு நீ சொன்ன மாதிரி மெஷினை வெச்சுப் பிரிச்சிருந்தேன்னு வை, உள்பூச்சு தடிப்பா இருக்கிறதெல்லாம் மேல, வெளிப்பூச்சு தடிப்பா இருக்கிறதெல்லாம் கீழன்னு போட்டிருப்பேன். நான் நெனைச்ச மாதிரியே அழகா வந்திருக்கும். அத்தனையும் பொய்யா போயிருக்கும். எனக்கே தெரிஞ்சிருக்காது."

அவள் போனை வைத்த பிறகு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"ஏன்டா, ரெண்டு குழியிலயும் ரெண்டும் இருந்துதுன்னு தானே சொன்னா?"

"ஆங்."

"அப்போ நான் ஒண்ணும் கலக்கலைடா. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே சாமி கலந்து வெச்சுட்டாரு. வீணா என் முட்டிய ஒடச்சீங்களேடா!" என்று சொல்லிவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.

தேய்த்த கற்களில் ஒன்றை அவள் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தாள். தறி சுவிட்ச் பலகைக்கு மேலே முருகர் படத்தோடு இருக்கிறது. கொஞ்ச நாளில் மங்கிவிடுகிறது என்று வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்க்கிறாளாம். அடுத்த ஆடியிலிருந்து என் காவடியை நானே எடுக்கிறேன். அவளும் பக்கத்தில் சின்னதாக ஒன்று எடுத்துக்கொண்டு, முட்டியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள்.

ஒரு மாற்றம் மட்டும் உண்டு. இப்போதெல்லாம் எங்கள் வீட்டுச் சாமானைத் தேய்க்க உட்கார்ந்தால், குத்துவிளக்கைத் தலைகீழாகத் தூக்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சுற்றிச் சுற்றிப் பார்க்கிறாள். அப்புறம் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறாள்:

"பாப்பா, இதுல எதுனா நம்பர் போட்டு வெச்சிருக்கியா? இப்பவே சொல்லிடு, கையில புளி எடுத்துட்டேன்!"